நட்கிராக்கர் பாலே: எந்த வெர்ஷனைப் பாக்குறது? திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

டிசம்பர் வந்தா போதும், குரூப்ல யாராவது ஒருத்தர் "நட்கிராக்கர் டிக்கெட் எடுக்கப் போறேன், எது நல்லா இருக்கும்"னு கேப்பாங்க, நான் பெருசா ஒரு பதில் போடுவேன், அடுத்த வாரமே இன்னொருத்தர் மேல ஸ்க்ரோல் பண்ணாம அதையே கேப்பாங்க. அதான் மொத்தமா இங்க எழுதி வச்சுட்டேன். நான் ஆடுற ஆள் இல்ல, பாக்குற ஆள்தான், அதனால கால் டெக்னிக் பத்தி பாடம் எல்லாம் இதுல இருக்காது.

இதுல கதைன்னு ஒண்ணு இருக்கா? சுருக்கமா சொல்லுங்க

இருக்கு, ஆனா முதல் பாதில மட்டும். ஜெர்மனில ஒரு வசதியான வீடு, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி பார்ட்டி. டிராசல்மேயர்னு ஒரு விசித்திரமான பெரியவர், அந்த வீட்டுப் பொண்ணோட காட்ஃபாதர், வாயில கொட்டையை வச்சு உடைக்கிற மரச் சிப்பாய் பொம்மை ஒண்ணை அவளுக்குக் குடுக்குறாரு. கூடப்பொறந்தவன் பிடுங்கி உடைச்சுடுறான். நடுராத்திரி பொம்மையைத் தேடி அவ வர்றா, கிறிஸ்துமஸ் மரம் விறுவிறுன்னு வளருது, எலிப்படை வருது, பொம்மை எழுந்து எலி ராஜாவோட சண்டை போடுது, இவ செருப்பைக் கழட்டி ராஜா மேல வீசுறா, பொம்மை இளவரசனா மாறிடுது. ரெண்டு பேரும் பனிக்காட்டு வழியா கிளம்புறாங்க. இடைவேளை.

ரெண்டாம் பாதி மிட்டாய் தேசம். அங்க ராணி சுகர் பிளம் ஃபேரி. சாக்லேட், காபி, டீன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு டான்ஸ், அப்புறம் பூக்களோட வால்ட்ஸ், கடைசில சுகர் பிளம் தன் ஜோடியோட ஆடுற பெரிய டூயட். பாலேல இதுக்கு பா த தூன்னு பேரு. அவ்வளவுதான், அதுக்கு மேல ஒண்ணும் நடக்காது. மூலக்கதை ஹாஃப்மன் 1816ல எழுதினது, பாலேக்கு எடுத்துக்கிட்டது அதை டூமா 1844ல கொஞ்சம் இனிப்பாக்கி எழுதின வடிவம்.

ஒரே பாலே, ஒரே மியூசிக். அப்புறம் ஏன் கம்பெனிக்கு ஒரு கதை சொல்றாங்க?

ஏன்னா ஒரிஜினல்லயே ஒரு பெரிய ஓட்டை இருக்கு. 1892 டிசம்பர்ல, இப்போ நாம வச்சிருக்கிற காலண்டர்படி 18ஆம் தேதி, பீட்டர்ஸ்பர்க் மரின்ஸ்கி தியேட்டர்ல இது முதல்ல மேடையேறுச்சு, அதே ராத்திரி, இதுக்கு மியூசிக் போட்ட சாய்கோவ்ஸ்கியோட இயோலாண்டா ஆப்பராவும் சேர்த்து. திட்டம் போட்டது டான்ஸ் அமைப்பாளர் பெட்டிபா, இந்த இடத்துல இத்தனை பார், அதாவது இத்தனை தாள அளவு, மியூசிக் வேணும்னு சாய்கோவ்ஸ்கிக்கு கணக்கே எழுதிக் குடுத்தவரு, ஆனா உடம்பு சரியில்லாம போக, டான்ஸ் அமைச்சது அவரோட அசிஸ்டென்ட் லெவ் இவானோவ். அன்னைக்கே விமர்சகர்கள் முணுமுணுத்தாங்க: ஒரே குழந்தைங்களா இருக்கு, ரெண்டாம் பாதில கதை இல்ல, மெயின் டான்சர் ஷோ முடியப் போற நேரத்துலதான் ஆட வர்றாங்க. நியாயமான புகார்தான். அந்த பா த தூ மியூசிக்கைக் கேளுங்க, ஒரு சாதாரண ஸ்கேல் மேல இருந்து கீழ இறங்குது, அவ்வளவுதான், ஆனா யாரோ செத்துட்ட மாதிரி நெஞ்சை அடைக்கும். அவ்வளவு பெரிய உணர்ச்சியைக் கொண்டுபோய் நமக்கு இப்பத்தான் அறிமுகமான ஒரு மிட்டாய் தேவதைகிட்ட குடுத்திருக்காங்க. முக்கால் மணி நேரமா நாம கூடவே வந்த பொண்ணு ஓரமா உக்காந்து பாத்துட்டு இருக்கா.

இவானோவ் அமைச்ச ஸ்டெப்ஸ்ல பெரும்பகுதி அப்படியே தொடர்ந்து வரல, முழுசா நிக்கிறது மியூசிக்தான். அதனால அடுத்து வந்த ஒவ்வொருத்தருக்கும் கை வைக்க தாராளமா இடம் கிடைச்சுது, கை வச்ச எல்லாரும் அந்த ஓட்டையத்தான் ஏதோ ஒரு விதத்துல அடைக்கப் பாத்திருக்காங்க. இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா மீதி கேள்விகள்ல பாதிக்கு பதில் தானா வந்துடும்.

பொண்ணு பேரு கிளாராவா, மாரியா, மாஷாவா? ஒவ்வொரு இடத்துல ஒண்ணு போடுறாங்க

எல்லாம் ஒரே பொண்ணுதான். ஹாஃப்மன் கதைல அவ மாரி, கிளாரா அவளோட ஒரு பொம்மை. பாலேக்கு வரும்போது கிளாரான்னு ஆயிடுச்சு. ரஷ்யாவுல மாஷா இல்லன்னா மாரி, நியூயார்க்ல மாரி, லண்டன்ல கிளாரா. பேரை வச்சு வெர்ஷனை எடை போடாதீங்க. வயசைப் பாருங்க.

வயசைப் பாருங்கன்னா?

மாரி ரோல்ல ஆடுறது நெஜமான சின்னப் பொண்ணா, இல்ல பெரிய பாலேரினாவே சின்னப் பொண்ணா நடிக்கிறாங்களா. இதான் முதல் கேள்வி. சின்னப் பொண்ணுன்னா அவளால அந்த கஷ்டமான பா த தூ ஆட முடியாது, அப்போ சுகர் பிளம் ஃபேரி கட்டாயம் தேவை, மிட்டாய் தேசமும் கூடவே வரும், மொத்தமும் ஒரு குழந்தையோட கண்ணுல நடக்கும். பெரியவங்க ஆடுறாங்கன்னா கடைசி டூயட்டை அவங்களே எடுத்துக்குவாங்க, ஃபேரிக்கு வேலை இல்லாம போயிடும், கதை முதல் காதல் பக்கம் சாஞ்சுடும்.

டிக்கெட் எடுக்குறதுக்கு முன்னாடி காஸ்ட் லிஸ்ட்டைத் திறந்து சுகர் பிளம் ஃபேரின்னு ஒரு ரோல் இருக்கான்னு பாருங்க. பத்து செகண்ட் வேலை, எந்த வகைன்னு ஓரளவு தெரிஞ்சுடும்.

என் பொண்ணுக்கு 6 வயசு, முதல் தடவை கூட்டிட்டுப் போறேன். எது?

ஜார்ஜ் பாலன்சீன்ங்கற டான்ஸ் அமைப்பாளர் போட்ட வெர்ஷன், யோசிக்கவே வேணாம். நியூயார்க் சிட்டி பாலே 1954ல ஆரம்பிச்சது, இன்னும் வருஷா வருஷம் நவம்பர் கடைசில இருந்து ஜனவரி ஆரம்பம் வரைக்கும் ஓடுது. வேற சில ஊர் கம்பெனிகளும் முறையா அனுமதி வாங்கி இதையே போடுறாங்க, சியாட்டில்ல 2015ல இருந்து இதுதான். மாரியும் இளவரசனும் நெஜமாவே குழந்தைங்க, அவங்க பாலே ஸ்கூல் பசங்க. ரெண்டாம் பாதி திறக்கும்போது குட்டித் தேவதைங்களா வர்ற பசங்க தரைல கால் படாம சறுக்கிப் போற மாதிரி இருக்கும், நீளப் பாவாடைக்குள்ள பொடி அடி எடுத்து வைக்கிறதுதான் டிரிக்கு. மதர் ஜிஞ்சர்னு வீடு அகலத்துக்குப் பாவாடை கட்டின ஒரு அம்மா வரும், உள்ள இருந்து பசங்க ஓடி வருவாங்க. 6 வயசுக்கு வேற என்ன வேணும்.

எலிச் சண்டைல லைட் குறையும், சத்தம் வரும், சில பசங்க பயப்படுவாங்க. முன்னாடியே கதையைச் சொல்லிடுங்க.

அந்த மரம் நெஜமாவே அவ்வளவு பெருசா?

நியூயார்க்ல மரம் 41 அடி வரைக்கும் வளரும், வெயிட் ஒரு டன். பாலன்சீனுக்கு மரத்துல காம்ப்ரமைஸே கிடையாது, பட்ஜெட்ல பெரிய துண்டு அதுக்கே போச்சு. மரம் வளருறப்போ வர்ற மியூசிக்கும் அப்படித்தான், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஒரு படி மேல ஒரு படி மேலன்னு ஏத்திக்கிட்டே போகும். மரம் சின்னதா இருந்தா மியூசிக் ஒரு பக்கம் மேடை ஒரு பக்கம்னு ஆயிடும். சின்ன கம்பெனிகள்ல துணில பெயின்ட் பண்ணின மரத்தை மேல இழுப்பாங்க, பரவால்ல, அதுலயும் டைமிங் சரியா இருந்தா புல்லரிக்கும்.

பாலன்சீன் வெர்ஷன்ல ஹீரோயின் ரெண்டாம் பாதி பூரா சும்மா உக்காந்திருக்கா, போர் அடிக்காதா?

பெரியவங்க நிறைய பேருக்கு இந்தக் குறை இருக்கு. மேல சொன்ன ஓட்டையை பாலன்சீன் அடைக்கவே இல்ல, இருக்கட்டும்னு விட்டுட்டாரு. சின்ன வயசுல மரின்ஸ்கி மேடைல இதே பாலேல ஆடினவர், இளவரசனாவும் ஆடியிருக்காரு, ஒரு குழந்தைக்குப் பெரியவங்க ஆட்டத்தை ஆன்னு பாக்குறதே போதும்ங்கறது அவர் கணக்கு. எனக்கு அது சரின்னுதான் படுது.

அதுக்குப் பதிலா அவர் வேற ரெண்டு விஷயம் குடுக்குறாரு. ஒண்ணு, இளவரசன் மிட்டாய் தேசத்துல நின்னு எலிச் சண்டை முழுசையும் கைஜாடைலயே திருப்பிச் சொல்றது. நம்ம பரதநாட்டியத்துல அபிநயம் பிடிச்சு கதை சொல்ற மாதிரியே இருக்கும்: தூங்கினது, எலிங்க வந்தது, கத்தி வீசினது, அவ செருப்பு எறிஞ்சது, எல்லாம் விரல்லயும் கண்ணுலயும். பத்து பன்னெண்டு வயசுப் பையன் தனியா நின்னு அவ்வளவு பெரிய அரங்கத்தைக் கட்டிப்போடணும், நல்ல பையன் அமைஞ்சா அன்னைக்கு ஷோவே அவனோடதுதான். ரெண்டாவது, பா த தூல சுகர் பிளம் ஒத்தைக் கால் நுனில நிப்பாங்க, ஜோடிக்காரர் கையைப் பிடிச்சு இழுக்க, அந்தக் கால் அசையாமலே மேடை மேல வழுக்கிப் போவாங்க. தரைல சின்னதா ஒரு நகருற தகடு இருக்கு, அது மேல ஏறி நிக்கிறாங்க. தெரிஞ்சுக்கிட்டுப் பாத்தாலும் மேஜிக்தான்.

ரஷ்யாக்காரங்க எப்படி ஆடுறாங்க?

சோவியத் காலத்துல பெரியவங்க ஆடுற பக்கம் போயிட்டாங்க. 1934ல லெனின்கிராட்ல (அதே பீட்டர்ஸ்பர்க்தான்) வைனோனன் போட்டது ஒண்ணு, மாஷாவே கடைசில இளவரசனோட ஆடுவா, சுகர் பிளம் கிடையாது. இன்னைக்கும் மரின்ஸ்கில ஆடுறாங்க, அந்த ஊர் பாலே ஸ்கூலான வாகனோவா அகாடமி மாணவர்களும் ஆடுறாங்க. பாக்க அழகா, மெதுவா, பழைய கேக் டப்பா மாதிரி பிங்க்கா இருக்கும்.

இன்னொண்ணு மாஸ்கோ போல்ஷாயில 1966ல கிரிகரோவிச் போட்டது, முதல்ல ஆடினது மாக்ஸிமோவாவும் வாசிலியெவும். மிட்டாயே இல்ல. மாரியும் இளவரசனும் கிறிஸ்துமஸ் மரத்துக்குள்ளயே உச்சில இருக்கிற நட்சத்திரத்தை நோக்கிப் போறாங்க, மரத்துல இருந்த பொம்மைங்க கூட வருது, எலி ராஜா ரெண்டாம் பாதிலயும் துரத்திட்டு வர்றான். டான்ஸ் சும்மா பறக்கும். குட்டிப் பசங்களுக்குக் கொஞ்சம் இருட்டு, கொஞ்சம் சீரியஸ். டீன் ஏஜ் பசங்கன்னா தைரியமா இதைக் காட்டலாம்.

இதுல நமக்கு ஒரு காமெடி. அரேபியன் டான்ஸ்னு சொல்ற அந்த மியூசிக் உண்மைல ஜார்ஜியா நாட்டுத் தாலாட்டு ஒண்ணுல இருந்து எடுத்தது, அதுக்கு போல்ஷாயில ஆடுறது இந்தியப் பொம்மைங்க. எந்த ஊர் இந்தியான்னு மட்டும் கேக்காதீங்க.

லண்டன்ல இருக்கேன். ராயல் பாலே எந்த வகை?

நடுவுல நிக்கிற வகை, எனக்குப் பிடிச்சது. பீட்டர் ரைட் 1984ல போட்டது. டிராசல்மேயரோட மருமகன் (மாப்பிள்ளை இல்ல, கூடப்பொறந்தவங்க பையன்) ஹான்ஸ் பீட்டரை எலி ராணி சாபம் போட்டு பொம்மையா மாத்திடுறா, அவனைக் காப்பாத்த ஒரு நல்ல பொண்ணு வேணும், அதுக்குத்தான் கிளாரா. இது ஹாஃப்மன் கதைல இருந்து திருப்பி எடுத்தது. ஒரே ஒரு முடிச்சு சேர்த்தாரு, எல்லாம் ஏன் நடக்குதுன்னு காரணம் கிடைச்சுடுச்சு. சுகர் பிளமும் இருக்காங்க, ஆனா கிளாரா சும்மா உக்காரல, மத்தவங்க டான்ஸ்ல போய் கலந்துக்குவா, 1999க்கு அப்புறம் அது இன்னும் கூடிப்போச்சு.

பர்மிங்ஹாம்ல ஓடுறதும் பீட்டர் ரைட்தான், ஆனா அது 1990ல தனியா செஞ்சது, செட் டிசைன் ஜான் மெக்ஃபார்லேன், மரம் மாறுற சீன் அங்க இன்னும் மிரட்டலா இருக்கும். ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு ஒண்ணை விட்டுடாதீங்க.

டிராசல்மேயர் நல்லவரா கெட்டவரா? எனக்கு அந்த ஆளைப் பாத்தாலே ஒரு மாதிரி இருக்கு

இருக்கணும்தான், கண்ணுல கறுப்புக் கட்டு, பெரிய கோட்டு. பாலன்சீன்ல குறும்புக்காரத் தாத்தா, ரைட்ல மருமகனுக்காகத் திட்டம் போடுற மந்திரவாதி, கிரிகரோவிச்ல மொத்த ஆட்டத்தையும் நடத்துறவர்.

நூரியெவ் இன்னும் ஒரு படி போயிட்டாரு. அவர் வெர்ஷன் 1967ல ஸ்டாக்ஹோம், 1968ல லண்டன், 1985ல பாரிஸ் ஆப்பரா. டிராசல்மேயரும் இளவரசனும் ஒரே டான்சர். அப்போ அந்தப் பொண்ணோட மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. போதாததுக்கு அவ குடும்பத்து ஆளுங்க தலையோட வௌவாலுங்க வந்து அவளைச் சுத்துற ஒரு கெட்ட கனவு வேற. புத்திசாலித்தனமான வெர்ஷன், ஆனா பண்டிகை மூடுக்காகப் போறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அந்தக் கடைசி டூயட்டை யார் ஆடுறாங்கங்கறது அவ்வளவு முக்கியமா?

என்னைக் கேட்டா கம்பேர் பண்ண வேண்டியதே அதுதான். பாலன்சீன், ரைட் ரெண்டுலயும் ஃபேரி. வைனோனன், கிரிகரோவிச், நூரியெவ் மூணுலயும் அந்தப் பொண்ணே. பாரிஷ்னிகோவ் 1976ல அமெரிக்கன் பாலே தியேட்டருக்குப் போட்டதுல நடுவுல டிராசல்மேயரும் நுழைஞ்சுடுவாரு, மூணு பேர் ஆட்டம், இளவரசன் ஒரு பக்கம் இழுக்க இவர் நிஜ உலகத்துக்குத் திரும்பக் கூப்பிடுற மாதிரி. அதே கம்பெனிக்கு 2010ல ராட்மான்ஸ்கி போட்டதுல குழந்தைங்க ரெண்டு பேரும் தாங்க வளந்து பெரியவங்க ஆனதைக் கண் முன்னாடி பாக்குறாங்க, அந்தப் பெரியவங்க ஆடுறாங்க. ஓட்டையை இவ்வளவு அழகா யாரும் தைக்கலன்னு தோணும்.

சிகாகோ ஜாஃப்ரி பாலேக்கு வீல்டன் 2016ல போட்டது இன்னொரு ரகம். கதை 1892 கிறிஸ்துமஸ், சிகாகோ உலகக் கண்காட்சி கட்டிட்டு இருக்கிற இடத்துல கூலி வேலைக்காரங்க குடிசை. மாரி வெளிநாட்டுல இருந்து வந்த ஒரு ஏழைச் சிற்பியம்மாவோட பொண்ணு, கனவுல அந்த அம்மாவே கண்காட்சியோட ராணியா வந்து ஆடுறாங்க. தன் அம்மாவை ராணியா பாக்குற பொண்ணு ஓரமா உக்காந்து பாத்தா யாராவது குறை சொல்ல முடியுமா?

மேத்யூ போர்ன் இதையே தலைகீழா திருப்பிட்டாரு. 1992ல வந்த அவரோட வெர்ஷன்ல கிளாரா ஒரு அனாதை ஆசிரமத்துப் பொண்ணு, ஆசிரமம் நடத்துறவங்களோட மக சுகர் இவளோட இளவரசனைத் தட்டிட்டுப் போயிடுறா. அந்தப் பெரிய டூயட் அவங்க கல்யாணத்துல நடக்குது, கிளாராவுக்கு அழைப்பிதழே இல்ல. நூறு வருஷமா குறையா இருந்ததை, பொண்ணு ஒதுங்கி நின்னு பாக்குறதை, அவர் கதையோட உச்சமாவே ஆக்கிட்டாரு. அந்த மியூசிக்ல இருக்கிற துக்கத்துக்கு எனக்குத் தெரிஞ்சு இதைவிடப் பொருத்தமான காட்சி இல்ல.

மியூசிக் மட்டும் எல்லாத்துலயும் ஒண்ணுதானே?

கிட்டத்தட்ட. ஆனா வரிசையை மாத்துவாங்க. டிங் டிங்குன்னு மணி மாதிரி வர்ற சுகர் பிளம் சோலோ ஒரிஜினல்ல பா த தூக்குள்ள கடைசிக்கு முந்தினதா வரும், பாலன்சீன் அதை ரெண்டாம் பாதி ஆரம்பத்துக்கே கொண்டு வந்துட்டாரு. முதல் பாதில மாரி ராத்திரி தனியா வர்ற இடத்துல ஒரு வயலின் சோலோ வரும், அது ஸ்லீப்பிங் பியூட்டி பாலேக்கு எழுதினது, அங்க இருந்து எடுத்து இங்க வச்சுட்டாரு. அந்த மணிச் சத்த வாத்தியம் செலஸ்டா, சாய்கோவ்ஸ்கி 1891ல பாரிஸ்ல பாத்துட்டு, ரிம்ஸ்கி கோர்சகோவும் கிளாசுனோவும் முந்திக்கக் கூடாதுன்னு ரகசியமா வரவழைக்கச் சொன்னாரு.

நேர்ல போறவங்க ஒண்ணு விசாரிச்சுக்கோங்க: ஆர்க்கெஸ்ட்ரா இருக்கா, இல்ல ரெக்கார்டிங்கா. பனி வால்ட்ஸ்ல வார்த்தை இல்லாம ஒரு கோரஸ் ஆ ஆன்னு பாடும், அது நேர்ல கேக்குறப்போ வேற லெவல்.

சைனீஸ் டான்ஸ் பத்தி சண்டை நடக்குதாமே, என்ன விஷயம்?

பல வருஷமா அந்த ஒரு நிமிஷ டான்ஸ்ல மஞ்சள் மேக்கப், தொங்கு மீசை, கூம்புத் தொப்பி, ரெண்டு ஆள்காட்டி விரலையும் தூக்கிக்கிட்டு தலையை ஆட்டுறதுன்னு ஒரு கேலிச் சித்திரமா ஓடிட்டு இருந்துச்சு. 2017ல நியூயார்க் சிட்டி பாலே மேக்கப்பையும் அந்த விரல் வேலையையும் மாத்துச்சு, அதுக்குப் பின்னாடி இருந்தது ஃபில் சானும், அந்தக் கம்பெனிலயே ஆடின ஜார்ஜினா பாஸ்கோகினும். அதுக்கப்புறம் நிறைய கம்பெனிகள் மாத்திட்டாங்க, சியாட்டில்ல மனுஷனையே எடுத்துட்டு ஒரு சிள்வண்டை வச்சுட்டாங்க. பாலே கெட்டுப்போச்சுன்னு புலம்புறவங்களுக்கு ஒண்ணு: மேல சொன்ன மாதிரி ஸ்டெப்ஸே பெரும்பாலும் ஒரிஜினல் இல்ல, அப்புறம் எதைக் காப்பாத்துறீங்க?

அப்போ ஒரிஜினலுக்குக் கிட்டத்துல இருக்கிறது எது?

முழுசா எதுவும் இல்ல. ஸ்டெபனோவ்னு ஒரு முறைல அந்தக் கால ஆட்டங்களை எழுதி வச்ச குறிப்புகளை நிகலாய் செர்கேயெவ் ரஷ்யாவுல இருந்து வெளிய கொண்டு வந்தாரு, 1934ல லண்டன்ல அதை வச்சு நட்கிராக்கர் போட்டாரு, ரஷ்யாவுக்கு வெளிய முழு பாலே அதான் முதல். அந்தக் குறிப்புகள் இப்போ ஹார்வர்ட்ல இருக்கு. பீட்டர் ரைட் 1984ல ஆராய்ச்சியாளர் ரோலண்ட் ஜான் வைலியைக் கூட வச்சுக்கிட்டு அதைத்தான் அலசினாரு, அதனால அமைப்புல அவரோடது கிட்டத்துல. ஆனா குறிப்பிட்ட துண்டுகள்னா பாலன்சீன்: இளவரசனோட அந்தக் கைஜாடைக் கதையும், வளையத்துக்குள்ள தாவுற கேண்டி கேன் டான்ஸும் அவர் ரஷ்யாவுல கத்துக்கிட்டு வந்தது.

கிறிஸ்துமஸே இல்லாத நட்கிராக்கர் உண்டா?

உண்டு. ஜான் நியூமயர் 1971ல போட்டதுல மாரியோட பிறந்தநாள், டிராசல்மேயர் ஒரு பாலே மாஸ்டர், பெட்டிபாவை நினைச்சு அமைச்சது. பண்டிகை இருக்கணும் ஆனா பக்தி வேணாம்னா மார்க் மாரிஸோட வெர்ஷன், 1991ல பிரஸ்ஸல்ஸ்ல வந்துச்சு, காமிக்ஸ் ஸ்டைல் செட்டு, எழுபதுகள் பார்ட்டி, எல்லாரும் குடிச்சுட்டு கூத்தடிப்பாங்க. ஆனா பனி சீன் வந்தா வாயை மூடிக்குவீங்க: ஆம்பளை பொம்பளை எல்லாரும் ஒரே குட்டைப் பாவாடை, தலைல கோன் ஐஸ்கிரீம் உச்சி மாதிரி தொப்பி, ஒவ்வொரு தாவலுக்கும் கைல இருந்து ஒரு பிடி பனியை மியூசிக்கோட சரியா அந்த அடில வீசுவாங்க. மேல இருந்து காகிதம் கொட்டுறதைவிட எவ்வளவோ மேல்.

அமெரிக்காவுல மட்டும் ஏன் இவ்வளவு கிறுக்கு?

1944ல சான் ஃபிரான்சிஸ்கோல வில்லம் கிறிஸ்டென்சன் முதல் முழு வெர்ஷன் போட்டாரு, பத்து வருஷத்துல பாலன்சீன், 1957லயும் 1958லயும் டிவில வந்துச்சு. அப்புறம் ஊர் ஊருக்கு பாலே ஸ்கூல், ஸ்கூல் பசங்க எல்லாருக்கும் ஒரு ரோல், ஒரு பையன் மேடை ஏறினா அப்பா அம்மா தாத்தா பாட்டி அத்தைன்னு பத்து டிக்கெட். நிறைய கம்பெனிங்க வருஷம் பூரா வண்டி ஓட்டுறதே டிசம்பர் வசூலை வச்சுத்தான்.

கடைசில எல்லாம் கனவா, நெஜமா? எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வாக்குவாதமே வந்துடுச்சு

நீங்க எதைப் பாத்தீங்கன்னு சொன்னா யார் ஜெயிச்சாங்கன்னு சொல்லிடலாம். வைனோனன், கிரிகரோவிச் ரெண்டுலயும் பொண்ணு முழிச்சுக்குவா, கனவுதான். பாலன்சீன்ல முழிக்கவே மாட்டா, கலைமான் வண்டில ரெண்டு பேரும் ஏறி வானத்துல போயிடுவாங்க, திரை விழுந்துடும். ரைட்ல அவ வீட்டுக்குத் திரும்பிடுவா, ஆனா ஹான்ஸ் பீட்டர் நெஜமாவே மனுஷனா டிராசல்மேயர்கிட்ட வந்து சேருவான், ஆக கனவு இல்ல. போர்ன்ல கிளாரா ஆசிரமத்துல கண்ணு முழிச்சா அவன் அவ படுக்கைலயே இருப்பான், ரெண்டு பேரும் ஜன்னல் வழியா ஓடிடுவாங்க.

1892ல என்ன முடிவுன்னா ஒரு பெரிய தேன்கூடு, சுத்தி தேனீங்க, பொண்ணு வீட்டுக்குப் போனாளா இல்லையான்னு யாரும் சொல்லல. ராட்மான்ஸ்கி பூக்கள் வால்ட்ஸ்ல நாலு ஆம்பளைங்களை தேனீயா விட்டிருக்காரே, எதுக்குன்னு கேட்டவங்களுக்கும் அங்கதான் பதில்.